சிங்கத்தை மூடிய கறுப்புத் துணி

அப்பாவுக்காகக் கறுப்பு உடுத்தப் போய் ஒரு ராஜ்யமே அதிர்ந்து நிற்கும் என்று மரினுஸ் மகன் லீவன் கனவில்கூட நினைத்ததில்லை.

அமாகர் தீவிலிருந்து கோபன்ஹேகனுக்குள் வரும் மரப்பாலத்தில் அவருடைய வண்டி ஏறியபோது, இரண்டு பக்கமும் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். முட்டைக்கோஸ் மூட்டை சுமந்து வந்தவன் மூட்டையைப் பனியில் இறக்கி வைத்துவிட்டுக் கழற்றினான். காவல் நின்ற சிப்பாய்கள் துப்பாக்கியைத் தலைகீழாகச் சாய்த்துப் பிடித்தார்கள்.

"பாத்தியா யோசினா," என்றார் லீவன் மனைவியிடம். அழுது அழுது அவர் குரல் கம்மியிருந்தது. "முகம் தெரியாத ஊர்ல எங்கப்பாவுக்கு எவ்வளவு மரியாதை பாரு."

யோசினா திரையை விலக்கினாள். ஒரு மீன்காரி வண்டிக்கு இணையாக ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"ஐயா, நெசந்தானா? உங்க இளவரசர் போய்ச் சேர்ந்துட்டாராமே?"

அப்போதுதான் லீவனுக்குத் தான் செய்து வைத்த காரியம் உறைத்தது.

இளவரசர், அதாவது டச்சுக்காரர்களின் தலைவர், சாகவில்லை. செத்தது சீரிக்சே ஊரின் பீப்பாய்க்காரர் மரினுஸ். டச்சுக் குடியரசின் தூதுவராகக் கோபன்ஹேகனில் பதினொரு வருஷம் குப்பை கொட்டிய லீவன், அந்த மரினுஸின் ஒரே மகன்.

சீரிக்சேயில் ஹெர்ரிங் மீன் இல்லாமல் எதுவும் இல்லை. மீனுக்கு உப்பு, உப்புக்குக் கப்பல், எல்லாவற்றுக்கும் பீப்பாய். துறைமுகத் தெருவில் மரினுஸின் பட்டறை. லீவன் தவழ்ந்ததே ஓக் மரச் சீவல்களுக்கு நடுவில்தான். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அக்கா நீல்த்யே ஒரு கையால் சோறு பொங்கி, மறு கையால் தம்பியின் காதைத் திருகி வளர்த்தாள். மரினுஸுக்குப் படிக்கத் தெரியாது. தான் செய்த பீப்பாயின் அடியில் சூட்டுக்கோலால் ஒரு குறி போடுவார். அதுதான் அவர் கையெழுத்து. அந்த வீட்டில் முதன்முதலாக இறகுப் பேனா பிடித்த கை லீவனுடையது. அந்தக் கை லெய்டன் பல்கலைக்கழகம் வரை போய்ச் சட்டம் படித்தது.

பட்டமளிப்பு அன்று மரினுஸ் மீன் உப்பு வாடை அடிக்கும் கோட்டோடு முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். பேராசிரியர் லத்தீனில் பேசப் பேச, பக்கத்திலிருந்த கனவானைச் சீண்டினார்.

"அந்த ஆள் என்னங்க சொல்றாரு?"

"உங்க மகனைப் புகழ்றாரு."

"அப்ப இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

மண்டபமே சிரித்தது. லீவனும் சிரித்தார். அவர் அப்பாவை என்றும் யாரிடமும் மறைத்ததில்லை. பிற்காலத்தில் அவர் புழங்கிய சபைகளில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அங்கே அப்பாவைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். தாத்தாவின் கோட்டையைப் பற்றித்தான் கேட்பார்கள். கேட்டால் லீவன் பேச்சை மாற்றி வானிலைக்குப் போய்விடுவார்.

பட்டம் வாங்கிய பிறகு ஹேக் நகரில் குமாஸ்தா வேலை. பிறகு டான்ஸிக் போன தூதுக்குழுவில் செயலாளர். அந்தப் பயணத்தில் பாதி நாள் நகர வாசலுக்கு வெளியே சேற்றில்தான் கழிந்தது. தூதரை வரவேற்க எத்தனை வண்டி அனுப்புவது என்று உள்ளே சண்டை. நான்கு போதும் என்றது நகரம். ஆறுக்குக் குறைந்தால் திரும்பிவிடுவேன் என்றார் தூதர். மழையில் நனைந்தபடி லீவன் இந்தத் தொழிலின் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டார். தூதருக்குச் சொந்த உடம்பு கிடையாது. அவர் தொப்பியை எப்போது கழற்றுகிறார், கை வைத்த நாற்காலியில் உட்காருகிறாரா வெறும் முக்காலியிலா, யாருக்கு வலப்பக்கம் நடக்கிறார் என்பதெல்லாம் அவர் விஷயமே இல்லை. அதெல்லாம் குடியரசு கழற்றுவது, குடியரசு உட்காருவது, குடியரசு நடப்பது. வண்டிக் கதவில் குடியரசின் சின்னமாக அம்புக்கட்டு ஏந்திய சிங்கம் தீட்டியிருக்கும். அந்தச் சிங்கம்தான் தூதர். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதற்குத் துணைக்கு வருபவர்.

இதெல்லாம் தெரிந்த மனிதர்தான். தெரிந்தும்தான் அப்படிச் செய்தார்.

கோபன்ஹேகனில் அவருக்கு இருந்தது ஒரே வேலை. எல்சினோர் நீரிணையைத் தாண்டும் கப்பல் எதுவானாலும் பாயை இறக்கி, டென்மார்க் அரசருக்குச் சுங்கம் கட்டியாக வேண்டும். சீரிக்சேயின் உப்புப் படகுகள் அந்தச் சுங்கத்தில் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தன. அதைக் குறைக்கத்தான் லீவன் வருஷக்கணக்கில் விருந்துகளில் பிடிக்காத ஈல் மீனைத் தின்றார், பிடிக்காத ஜோக்குக்குச் சிரித்தார், அமைச்சர் ஹோல்கர் தோர்னிடம் சதுரங்கத்தில் வேண்டுமென்றே தோற்றார். ஒருவழியாக ஒப்பந்தம் தயாரானது. நோன்புக் காலம் தொடங்குவதற்கு முன் கையெழுத்து என்று முடிவானது. இளவரசர் கீல்வாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்பது மட்டும் டென்மார்க்கை உறுத்திக்கொண்டிருந்தது. படைத்தலைவரான அவர் கண்ணை மூடினால் டச்சுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். அப்புறம் யார் போட்ட கையெழுத்துக்கு யார் கட்டுப்படுவார்கள்?

அந்தப் பிப்ரவரியில் கடல் உறைந்து கிடந்தது. கப்பல் இல்லை, சேதி இல்லை. அப்போதுதான் சீரிக்சேயின் பழைய கப்பல்காரர் பௌவல், தரை வழியாகப் பனியில் விழுந்து எழுந்து லீவனின் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவருடைய கப்பல் எல்சினோரில் பனியில் மாட்டியிருந்தது. ஊருக்குப் போய்விட்டு அதைப் பார்க்கத் திரும்பி வந்திருந்தார்.

"லீவா, உக்காரு," என்றார் வந்ததும்.

"உக்காந்துதானே இருக்கேன் பௌவல் அண்ணே."

"அப்ப எந்திரிக்காதே. உங்கப்பா போயிட்டாரு."

லீவன் எழுந்துவிட்டார்.

"பட்டறையிலேயேதான். வளையத்தை அடிச்சுக்கிட்டு இருந்தவரு சுத்தியலக் கீழ வச்சாரு, அப்படியே உக்காந்தாரு. மூச்சு வாங்கறாருன்னு பக்கத்துல இருந்தவன் நெனச்சானாம். வாங்கல."

"எப்ப?"

"கிறிஸ்துமஸ் கழிஞ்ச வாரம்."

"இப்ப வந்து சொல்றீங்களே!"

"நான் என்ன புறாவா, பறந்து வர? பாதி தூரம் குதிரை என்னைச் சுமந்துது, மீதி தூரம் நான் குதிரையச் சுமந்தேன்."

லீவன் கேட்டார். "சங்கத்துக்காரங்க வண்டி கட்டினாங்களா?"

"கட்டினாங்க. ஒரு பலகை வெளியே தெரியல. அவ்வளவு அழகா மூடினாங்க." பௌவல் பீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "ஆனா பின்னாடி மகன் வண்டி வரலையேன்னு நீல்த்யே தெருவுல உக்காந்து அழுதா. மகன் இல்லாத சாவு மாதிரி ஆயிப்போச்சுன்னா."

சீரிக்சே பீப்பாய்க்காரர் சங்கத்தில் ஒரு முறை உண்டு. சங்கத்தவர் ஒருவர் இறந்தால் சவ வண்டியை ஒரு பலகைகூடத் தெரியாமல் கறுப்புத் துணியால் மூடுவார்கள். அதன் பின்னால் மகனின் வண்டி, அதேபோல முழுக்க மூடி, தேவாலயம் வரை போக வேண்டும். மணி அடிக்க வேண்டும். மகன் வண்டி போகாவிட்டால் செத்தவருக்குப் பிள்ளை இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் காலை லீவன் வீட்டிலிருந்த கறுப்புத் துணி முழுவதையும் எடுக்கச் சொன்னார். போதாததற்கு யோசினா கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பினாள். அவளும் சீரிக்சேக்காரிதான்; அவளுக்கும் வண்டி மூடுவதுதான் கண்ணில் நின்றது. விஷயம் தெரிந்த செயலாளர் டூவே அன்று ஊரில் இல்லை. சுங்க விகிதங்களைச் சரிபார்க்க எல்சினோர் போயிருந்தார். வண்டிக்காரன் ரஸ்முஸ் மட்டும் ஆணியை வாயில் கவ்விக்கொண்டு தயங்கினான்.

"ஐயா, கதவுல சிங்கம் இருக்கே. அதையுமா?"

"ஒரு பலகை தெரியக் கூடாது."

அப்படித்தான் சிங்கம் மறைந்தது. அமாகர் தீவில் டச்சு பேசும் தோட்டக்காரர்களின் கிராமம் ஒன்று உண்டு. அங்கேதான் டச்சு மொழியில் ஜெபம் செய்ய ஒரு போதகர் இருந்தார். கறுப்பு வண்டி நகரத்தின் நடுவே போனது. கிராமத்து மணி ஒரு முழுப் பிரசங்க நேரம் அடித்தது. லீவன் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு பனியில் நின்று அழுதார். மணியோசை பனிக்கடலைத் தாண்டி நகரத்துக்குக் கேட்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

அன்று பிற்பகலே அமைச்சர் ஹோல்கர் தோர்ன் கறுப்பு வெல்வெட்டில் வந்து இறங்கினார். சதுரங்கத்தில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிடும் அந்த மனிதர், அன்று லீவனைக் கட்டித் தழுவினார்.

"அரசர் மனசு ஒடைஞ்சு போயிருக்கார் தூதுவரே."

"இல்ல, இதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. இளவரசர் நல்லா இருக்கார். செத்தது எங்கப்பா."

தோர்ன் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையசைத்தார். "புரியுது."

"சீரிக்சேயில பீப்பாய் செஞ்சுக்கிட்டு இருந்தார்."

"நல்லாவே புரியுது." தோர்ன் குரலைத் தாழ்த்தினார். "உங்க அரசாங்கத்துலேருந்து சொல்லச் சொல்லி உத்தரவு வரல. வர்ற வரைக்கும் பீப்பாய்க்காரர்னே வச்சுக்குவோம். பதினொரு வருஷத்துல நீங்க சொன்னதுலயே இதுதான் அழகான பொய்."

அவர் போன பிறகும் லீவன் வாசலிலேயே நின்றார். உண்மையைச் சொல்லி அது பொய்யாகப் போனது அவருக்கு அதுவே முதல் தடவை. எத்தனையோ பொய்கள் உண்மையாகப் போயிருக்கின்றன, இது பழக்கமில்லை.

மாலையில் டூவே சறுக்கு வண்டியில் வந்து சேர்ந்தார். முற்றத்தில் நின்ற கறுப்பு வண்டியைப் பார்த்ததும் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா! சிங்கத்தை மூடிட்டீங்களே! சொந்தத் துக்கத்துக்குக் கையில பட்டை கட்டலாம், கறுப்புக் கோட்டு போடலாம். சிங்கத்தை மூடினா நாட்டுத் தலைவர் செத்தாருன்னுதானே அர்த்தம்!"

"தெரியும் டூவே."

"தெரியுமா?"

"தூதுவருக்குத் தெரியும். இன்னிக்கு வண்டியில போனது பீப்பாய்க்காரர் மகன்."

துணியை அவிழ்த்துவிடலாமா என்று யோசித்தார்கள். அவிழ்த்தால் மறைக்கிறார்கள் என்பார்கள். அவிழ்க்காவிட்டால் உறுதி என்பார்கள். யோசித்து முடிப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. மறுநாள் காலை ஸ்வீடன் தூதர் தன் வண்டியைக் கறுப்பில் மூடிக்கொண்டு வந்தார். அவர் சிடுசிடுப்பான மனிதர்.

"மூடி மறைக்காதீங்க. கடைசியாத் தெரிஞ்சுக்கிட்டவன் நான்னு ஸ்டாக்ஹோமுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சுடுவாங்க," என்று கத்தினார்.

"சத்தியமாச் சொல்றேன், எங்கப்பாதான்."

"எனக்கும் அப்பா இருந்தார். போனப்ப நான் ஒரு தொப்பிக்குக்கூடத் துணி வாங்கல. யாருகிட்ட விடறீங்க!"

அதற்கு மறுநாள் பிரெஞ்சுத் தூதர் தன் வேலைக்காரர்களோடு, வளர்க்கும் நாய்க்கும் கறுப்புப் பட்டை கட்டினார். அரண்மனையில் அரச துக்கம் அறிவித்தார்கள். நோன்புக்கு முந்தைய கேளிக்கையில் அரசவையில் பீப்பாயைக் கட்டித் தொங்கவிட்டுக் குதிரைமேல் வந்து அடித்து உடைப்பார்கள், அதை நிறுத்திவிட்டார்கள். டூவே அந்தச் செய்தியைக் கொண்டுவந்தபோது லீவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒப்பந்தக் கையெழுத்து காலவரையின்றித் தள்ளிப்போனது.

சாட்சிக்குப் பௌவலை அழைத்துக்கொண்டு டூவே அமைச்சகத்துக்குப் போனார். அது இன்னும் மோசமாக முடிந்தது.

"உங்க இளவரசர் எப்படி இருக்கார்?" என்று கேட்டார் அங்கிருந்த அதிகாரி.

"எனக்கெப்படித் தெரியும்? நான் அவரோட ஒண்ணாச் சாப்பிடறவனா? மரினுஸ் செத்தாரு, அது தெரியும். பெட்டியத் தூக்கினதுல இந்தத் தோள் இன்னும் வலிக்குது," என்றார் பௌவல்.

அதிகாரி டூவேயைப் பார்த்துச் சிரித்தார். "ஆளை நல்லாத் தயார் பண்ணியிருக்கீங்க. உப்பு வாடைகூட அடிக்குது."

இப்படியே போனது. லீவன் போகிற இடமெல்லாம் ஆட்கள் எழுந்து நின்றார்கள், கையைப் பிடித்துக்கொண்டார்கள், கண்ணைத் துடைத்தார்கள். அவர் கேட்டுக் கேட்டுக் கூசிப்போனார். இளவரசருக்காக இரங்கல் சொல்லாதவர்கள் வீட்டுச் சமையல்காரியும் ரஸ்முஸும் மட்டும்தான். அவர்களுக்குத்தான் யார் செத்தார் என்று தெரியும். அவர்கள்கூட வெளியே வாய் திறக்கவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

பிறகு ஹாம்பர்க் தபால் வந்தது. இளவரசர் உயிரோடு இருக்கிறார். படுக்கையில் சாய்ந்து வாத்து வறுவல் சாப்பிட்டாராம். இன்னொரு துண்டு கேட்டாராம். நான்கு வெவ்வேறு ஆட்களுக்கு வந்த தபாலிலும் அதேதான்.

தோர்ன் இந்தத் தடவை கொல்லைப்புற வழியாக, நடந்து வந்தார். வெல்வெட்டின் விளிம்பெல்லாம் சேறு. முகத்தில் ஈயாடவில்லை.

"செத்தது நெசமாவே பீப்பாய்க்காரரா?"

"முதல் நாளே சொன்னேனே."

"தூதுவர் சொல்றத எந்த மடையன் நம்புவான்?" தோர்ன் நாற்காலியில் விழுந்தார். "எங்க அரசர் உங்கப்பாவுக்காகச் சாப்பிடாம இருந்தார் தெரியுமா? சிம்மாசனத்துக்குக் கறுப்பு போட்டிருக்கோம். சிம்மாசனத்துக்கு!"

யோசினா பட்டாணி சூப் கொண்டுவந்து வைத்தாள். தோர்ன் அதைத் தொடவில்லை.

"ஒரே வழிதான். செத்தது பெரிய மனுஷர்தான், ஆனா இளவரசர் இல்ல. இளவரசருக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா, மாமா, எவனாவது. ஜெர்மனியில பிரபுவுக்கா பஞ்சம்? ஒரு பேர் சொல்லுங்க. நாளைக்கு எல்லாத் தூதர்களும் அவையில இருப்பாங்க, நான் கேக்கறேன், நீங்க அந்தப் பேரைச் சொல்லுங்க. மறுநாளே ஒப்பந்தத்துல கையெழுத்து. அரசர் ஒத்துக்கிட்டார்."

"சொல்லலேன்னா?"

"டென்மார்க் அரசர் ஒரு பீப்பாய்க்காரனுக்குத் துக்கம் கொண்டாடினாருன்னு ஸ்டாக்ஹோம் தெருவுல சின்னப் பசங்க பாட்டுக் கட்டுவாங்க. அப்புறம் ஒப்பந்தமும் இல்ல, நீங்களும் இல்ல. யோசிச்சுப் பாருங்க. பேர்தானே கேக்கறேன்."

அவர் வந்த வழியே போனார். டூவே உடனே ஜெர்மன் பிரபுக்களின் வம்சப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

"ஐயா, இந்த ஓட்டோ பிரபு நல்லா வருவார். வாரிசு இல்ல, வயசாயிருச்சு, உயிரோட இருக்காரான்னு அவருக்கே சந்தேகம். போன வருஷம் பிரெஞ்சு விருந்துக்குப் போகாம இருக்கக் காய்ச்சல்னு சொன்னோமே, அது மாதிரி நெனச்சுக்குங்க."

"பதினொரு வருஷமாப் பொய் சொல்லித்தான் சாப்பிடறேன் டூவே. பொய்க்குக் கூச்சப்படல. எங்கப்பாவுக்குப் போட்ட துணிக்குள்ள வேற ஒருத்தன் பொணத்தை வைக்கச் சொல்றாங்க."

யோசினா சூப்பை எடுத்துக்கொண்டே சொன்னாள். "என்னங்க, சுங்கம் குறைஞ்சா நம்ம ஊர்ப் படகுங்க பிழைக்கும். மாமா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு? 'என் பேர்தானே, தூக்கிக் குடுத்துட்டுக் காரியத்தப் பாருடா'ன்னுதான் சொல்லியிருப்பாரு."

"சொல்லியிருப்பாரு," என்றார் லீவன்.

அதன் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை. ஓட்டோ பிரபுவின் முழுப் பட்டப்பெயரையும் டூவே எழுதிக் கொடுத்தார். அவைக்குப் போகும் வழியெல்லாம் லீவன் வண்டியில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு இடத்தில் மட்டும் நாக்கு சிக்கியது, அதையும் சரிசெய்துவிட்டார்.

அவைக் கதவு திறந்தபோது அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அத்தனை கறுப்பை அவர் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. சுவர் முழுக்கக் கறுப்பு. அரசரின் காலி சிம்மாசனம் கறுப்பு. ஸ்வீடன் தூதரின் கையுறை, பிரெஞ்சுத் தூதரின் தோளில் தொங்கிய பட்டு, பிரபுக்களின் மனைவிமார் போட்டிருந்த முக்காடு, வெள்ளிப் பிடி போட்ட வாள்களின் உறை, மெழுகுவத்தித் தண்டில் சுற்றிய துணி. ஒரு பலகை வெளியே தெரியவில்லை. மீன் உப்பு வாடையோடு முன் வரிசையில் உட்கார்ந்த அந்த மனிதருக்காக, கோட்டை வைத்திருந்த தாத்தாக்களின் பேரன்கள் எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தோர்ன் ஒத்திகை பார்த்த குரலில் கேட்டார். "அவையோர் அறிந்துகொள்ள விரும்பறாங்க. குடியரசு யாருக்காகத் துக்கம் காக்குது?"

லீவன் வாயைத் திறந்தார். ஓட்டோவின் பெயர் நாக்கு நுனியில்தான் இருந்தது.

"குடியரசு யாருக்காகவும் துக்கம் காக்கல," என்றார். "காக்கறது நான். மரினுஸுக்காக. என் பேரோட ஒட்டியிருக்கே, அந்த மரினுஸ். சீரிக்சேயில ஹெர்ரிங் பீப்பாய் செஞ்சுக்கிட்டு இருந்தார். சிங்கத்தை மூடினது என் தப்பு. இங்க வந்து நின்ன எல்லாருக்கும் எங்கக்கா சார்பா நன்றி."

யாரோ ஒரு பெண்மணி விசிறியைத் தவறவிட்டாள். அது தரையில் விழுந்த சத்தம் அடங்குவதற்கு வெகு நேரம் ஆனது போலிருந்தது. தோர்னின் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. ஸ்வீடன் தூதர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையுறையைக் கழற்ற ஆரம்பித்தார். பாதி கழற்றினார். சட்டென்று நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார்.

கழற்றினால் என்ன அர்த்தம்? இத்தனை நாள் பீப்பாய்க்காரனுக்காக மாட்டியிருந்தேன் என்று அவரே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொள்வதாகிவிடும். அவர் கையுறையை மெல்ல, ஒவ்வொரு விரலாகத் திரும்ப மாட்டிக்கொண்டார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சுத் தூதர் தன் பட்டுத் துணியை இன்னும் இறுக்கிக்கொண்டார். முக்காட்டில் கை வைத்த சீமாட்டிகள் கையை எடுத்துவிட்டார்கள். அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் கறுப்பை அவிழ்க்க வழியில்லை.

கடைசியில் தோர்ன் தொண்டையைக் கனைத்தார். அவர் சொன்னதை லீவன் சாகும் வரை நம்ப முடியாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரசர் தம்முடைய அனுதாபத்தைத் தெரிவிக்கிறார்," என்றார் தோர்ன். "அடுத்த விஷயத்துக்குப் போகலாம்."

அடுத்த விஷயம் சுங்க ஒப்பந்தம் அல்ல. அது அலமாரிக்குள் போய்விட்டது. அரச துக்கம் மட்டும் முழு ஆறு வாரமும் நடந்தது. யாருக்காக என்று எந்த அறிவிப்பிலும் போடவில்லை. பெயரில்லாத ஒருவருக்காக அரண்மனை மணி காலையும் மாலையும் அடித்தது. லீவன் சன்னலோரம் நின்று அதைக் கேட்பார். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "நிறுத்த மாட்டேங்கறாங்களே," என்று மட்டும் யோசினாவிடம் சொல்வார்.

ஹேக் நகரம் அவரைத் திரும்ப அழைத்தது. காரணம் உடல்நலம் என்று போட்டிருந்தது; அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அதன் பிறகு அவரை எங்கும் தூது அனுப்பவில்லை. ஒப்பந்தம் வேறொருவர் கையால் சில வருஷம் கழித்துக் கையெழுத்தானது. லீவன் சீரிக்சே நகர மன்றத்தில் எழுத்தராக உட்கார்ந்து, படகு வழக்குகளைத் தீர்த்துக் காலம் தள்ளினார். அப்பாவின் கல்லறைக்குப் போன முதல் நாள் நீல்த்யே அவரோடு பேசவில்லை. இரண்டாம் நாள் பேசினாள். அவர் கோபன்ஹேகன் கதையைச் சொன்னபோது பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். தன்னைச் சமாதானப்படுத்த அவர் புளுகுகிறார் என்று நினைத்தாள்.

அதற்கெல்லாம் முன்னால், பனி உருகியதும் பௌவலின் கப்பலில்தான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். எல்சினோரில் எல்லாக் கப்பலையும் போல அதுவும் பாயை இறக்கியது. பழைய சுங்கம்தான். ஒரு உப்பு மூட்டைக்குக்கூடக் குறையவில்லை. பௌவல் அதைக் கட்டும்போது லீவன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அது லீவனுக்கு எந்த வசவை விடவும் வலித்தது.

படகில் ஏறி வந்த சுங்க அதிகாரி கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார். வெயிலில் வெளுத்து, ஓரம் நைந்து போயிருந்தது. லீவனால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

"இது யாருக்காகங்க?" என்று கேட்டார் கடைசியில்.

"அட, யாருக்குத் தெரியும்! மேலேருந்து கட்டச் சொன்னாங்க, கட்டினோம். அவிழ்க்கச் சொல்லி இன்னும் ஆள் வரல." அதிகாரி பட்டையைச் சொறிந்துகொண்டார். "யாரோ பெரிய எடத்து மனுஷராம். நீங்க கோபன்ஹேகன்லேருந்துதானே வர்றீங்க? உங்களுக்குத் தெரியுமா?"

லீவன் வாயைத் திறந்தார்.

"பீப்பாய் செய்யறவர்," என்றாள் யோசினா. "இவரோட அப்பா."

அதிகாரி ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு பௌவலின் முதுகில் தட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லாயிருக்கே! அம்மா செம ஆளுங்க!" சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினார். படகில் இருந்த தன் ஆட்களிடமும் அதைச் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே அவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரிப்பது வெகு தூரம் வரை கேட்டது.

பௌவல் பாயை ஏற்றச் சொன்னார்.